திங்கட்கிழமை கிழக்கே சூலம்

சாந்தியாகோவில் அரைக்கிலோ வெங்காயம் வாங்கினாலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண் "ரூத்?" என்று கேட்பாள். இந்த நாட்டில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள் எல்லோருக்கும் அரசாங்கம் கொடுக்கிற அடையாள எண் அது. சிலி நாட்டுக்காரர்கள் வரிசையில் நின்றபடியே ஊருக்கெல்லாம் கேட்கும்படி அதை ஒப்பிப்பார்கள். வந்த புதிதில், வெங்காயத்துக்கு எதற்கம்மா என் அடையாள எண் என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் கேட்டேன். அவள் பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் வந்து பொறுமையாக விளக்கினார். எண்ணைச் சொன்னால் கணக்கில் பூந்தோஸ், அதாவது புள்ளிகள் ஏறும். புள்ளிகள் சேர்ந்தால் விமானக் கம்பெனியின் மைலாக மாறும். மைல் சேர்ந்தால் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்காமல் பறக்கலாம். மதுரை வில்லாபுரத்தில் காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாகக் கிடைக்கும். இங்கே ஆகாயத்தையே கொசுறாகக் கொடுக்கிறார்களே என்று அன்றைக்கு வாயைப் பிளந்தவன்தான், பதினோரு வருடமாக மைல் பைத்தியமாகத் திரிகிறேன்.

தாமிரச் சுரங்கம் ஒன்றுக்குக் கணினி வேலை பார்ப்பது என் பிழைப்பு. மைல் சேர்ப்பது என் பக்தி. இந்தக் கண்டத்தில் இருக்கும் தமிழர்கள் நாலு பேர் சந்தித்தால் சினிமா பேச மாட்டோம், அரசியல் பேச மாட்டோம். லீமா போக எந்த மாதம் குறைந்த மைல், போகொதா வழியாகப் போனால் எவ்வளவு மிச்சம் என்று பேசிக்கொண்டிருப்போம். நானும் என் மனைவி சுதாவும் இந்த நாட்டின் தென்கோடிக்குப் போய் பெங்குவின் பார்ப்பதாகத் திட்டம் போட்டு ஏழு வருடமாகிறது. ஒவ்வொரு வருடமும், இன்னும் கொஞ்சம் சேரட்டும், சாய்ந்து படுக்கிற சீட்டிலேயே போகலாம் என்று தள்ளிப் போடுவேன். பெங்குவினுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது என்பாள் சுதா.

இந்தப் பைத்தியத்தால் நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். என் தங்கை அமுதா மதுரையில் கே.கே. நகரில் அப்பா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். அவளுடைய மூத்தவன் கவினுக்குக் காதுகுத்து வைத்தபோது, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும், ஆறு மாதத்துக்கு முன்பே தேதி சொல்லிவிட்டார்கள். நான் இருக்கிற வழிகளிலேயே குறைந்த மைல் கேட்கிற வழியைத் தேடிப் பிடித்தேன். நாலு விமானம் மாற வேண்டும். முதல் விமானமே தாமதமாகி, இரண்டாவது என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஊரில் மொட்டையடித்து, காது குத்தி, கிடாவிருந்து பரிமாறிய நேரத்தில் நான் சாவோ பாவ்லோ விமான நிலையத்தில் காய்ந்த ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். என் இடத்தில் சித்தப்பா மகன் பாண்டி உட்கார்ந்தான். அமுதா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. "அண்ணனுக்கு மைலுதான் பெருசு, நாங்கள்லாம் சிறுசு" என்று அம்மாவிடம் சொன்னாளாம். அது உண்மையாக இருந்ததால்தான் ரொம்ப வலித்தது.

இந்த முறை சின்னவள் தர்ஷினிக்கு. மூன்றாவது வயது நடக்கிறது. கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில், வியாழக்கிழமை பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்காலுக்குள் முகூர்த்தம். அமுதா போனில் ஒரே வாக்கியம்தான் சொன்னாள். "இந்தத் தடவையும் நீ வரலேன்னா இனிமே எதுக்கும் கூப்பிட மாட்டேண்ணே." கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன், சாதாரணமாகச் சொன்னாள். சேர்த்த மைலை மொத்தமாக எடுக்க வேண்டியிருக்கும் என்று சுதாவிடம் இழுத்தேன். "பெங்குவினு ஒங்களக் கூப்பிடல. ஒங்க தங்கச்சி கூப்பிட்டுருக்கு. பேசாம டிக்கெட்டப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாந்தியாகோவிலிருந்து மதுரைக்குக் கிழக்கே போனாலும் வரலாம், மேற்கே போனாலும் வரலாம். கிழக்கே என்றால் சாவோ பாவ்லோ, தோஹா, சென்னை. மேற்கே என்றால் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி ஆக்லாந்து, சிங்கப்பூர், திருச்சி. மைலுக்குக் கிடைக்கும் சீட்டு திங்கட்கிழமை மட்டும்தான் இருந்தது. கிழக்கு வழிக்கு மைல் குறைவு, மேற்குக்கு அதில் ஒன்றரை மடங்கு. யோசிக்கவே வேண்டாம், கிழக்கு என்று முடிவு பண்ணி அப்பாவுக்கு வீடியோவில் சொன்னேன். அப்பா தினசரிக் காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மேசைமேல் இருந்த பூமி உருண்டையைச் சுழற்றினார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர்.

"திங்கக்கெழம கிழக்கே சூலம்ல. எப்பிடிடா கெளம்புவ?"

"அப்பா, நீங்க ஜியாகரபி வாத்தியாரு."

"அதனாலதான் சொல்றேன். எனக்குத் தெசை தெரியும். நீ போற வழி கெழக்கு. மேக்கே ஒரு வழி இருக்குல்ல, அதுல வா."

"தயிரு சாப்பிட்டுக் கெளம்புனா சூலத்துக்குப் பரிகாரம்னு நீங்கதானப்பா சொல்லுவீங்க."

"பரிகாரம் வேற வழி இல்லாதவனுக்கு. ஒனக்குத்தான் ரெண்டு வழி இருக்கே."

அப்பாவுடைய சூலத்தால் எங்கள் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல. வில்லாபுரத்தில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில், உசிலம்பட்டியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். உசிலம்பட்டியோ மேற்கே. அப்பா வியாழக்கிழமையே நல்ல நேரம் பார்த்துத் துணிப்பையை எடுத்துக்கொண்டு போய், வழியில் அரசரடியில் இருந்த நண்பர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். பை கிளம்பிவிட்டால் பயணம் கிளம்பிய மாதிரியாம். மறுநாள் நாங்கள் அரசரடியில் இறங்கினால் நண்பர் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் அவசரமாக ஊருக்குப் போய்விட்டார். அம்மாவின் பட்டுச்சேலை, அமுதாவின் பாவாடை, மொய்க்கவர் எல்லாம் உள்ளே. அம்மா சாதாரண நூல் சேலையோடு அந்தக் கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா மட்டும், பஸ் எவ்வளவு சுகமாக வந்தது பார்த்தீர்களா என்று சூலத்தின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்.

இத்தனையும் தெரிந்தும் நான் பணிந்தேன். போன முறை நானாகத் தேடிப் பிடித்த வழி என்ன ஆயிற்று என்று அப்பா கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் தன் பெயர் கரோலினா என்றாள்.

"கிழக்கு வழியில் இடம் இருக்கிறதே ஐயா, மைலும் குறைவு. எதற்காக மாற்றுகிறீர்கள்?"

"திங்கட்கிழமை கிழக்கில் ஒரு சூலம் இருக்கிறது" என்றேன். ஸ்பானிஷில் அதை ஈட்டி என்றுதான் சொல்ல முடிந்தது.

அவள் குரல் மாறிவிட்டது. "அந்தப் பக்கம் ஏதாவது சண்டையா? எங்களுக்குத் தகவல் வரவில்லையே. அதிகாரப்பூர்வ எச்சரிக்கை இருந்தால் கூடுதல் மைல் இல்லாமலே மாற்றித் தரலாம். எச்சரிக்கை விட்டது யார்?"

பொய் சொல்ல ஒரு நிமிடம் ஆசை வந்தது. "என் அப்பா" என்றேன்.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ மெதுவான குரலில், "என் அம்மா செவ்வாய்க்கிழமை பயணம் கிளம்ப மாட்டாள், கிளம்பவும் விட மாட்டாள். உங்கள் அப்பாவுக்குச் செவ்வாய் பரவாயில்லையா?" என்று கேட்டாள். செவ்வாயும் ஆகாது என்றேன். "அப்படியானால் மேற்குதான் நல்லது. திங்கள் இரவு கிளம்பினால் புதன் விடிகாலை ஆக்லாந்தில் இறங்குவீர்கள். நடுவில் தேதிக்கோடு. செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வரவே வராது" என்றாள். ஆனால் கூடுதல் மைலில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முப்பது வருடம் கரும்பலகையில் வளைத்து வளைத்து வரைந்த கோடு அது. அதற்கு இப்படி ஒரு பலன் உண்டென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர் வடமேற்காக இருக்கிறது, புதன்கிழமையோ வடக்கே சூலம் என்பதைப் பற்றி மட்டும் நான் வாயே திறக்கவில்லை. தெரிந்தால் பரிகாரமாக விமானத்தில் பால் வாங்கிக் குடிக்கச் சொல்வார்.

புதன்கிழமை மாலை திருச்சியில் இறங்க வேண்டிய விமானம் சிங்கப்பூரிலேயே உட்கார்ந்துவிட்டது. ஏதோ கோளாறு, இதோ, அதோ என்றார்கள். எனக்குச் சாவோ பாவ்லோ ரொட்டியின் ருசி வாயில் வந்தது. அந்த ராத்திரி முழுக்க எனக்குச் சூலமும் பொய், மைலும் பொய் என்று தோன்றியது. அமுதாவுக்கு என்ன சொல்வது என்று மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒருவழியாகப் பறந்து, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருச்சியில் இறங்கினேன். ஆறுதலாக மூச்சு விட்டபடி வெளியே வந்தால், அப்பா கையில் சின்ன பாட்டிலோடு நிற்கிறார்.

"என்னப்பா இது?"

"நல்லெண்ணெ. வியாழக்கெழம தெக்கே சூலம். கொட்டாம்பட்டி தெக்கதான இருக்கு. தலைய நீட்டு."

"பரிகாரம் ஆகாதுன்னீங்க?"

"இப்ப வேற வழியா இருக்கு? பேசாமக் குனிடா, நேரமாச்சு."

மூன்று விமானத்தில் கசங்கி வந்தவனுடைய உச்சியில் எண்ணெயை வைத்து, காரில் ஏற்றினார். விராலிமலை, துவரங்குறிச்சி என்று நாற்கரச் சாலையில் பறந்தோம். இத்தனை மைல் தாண்டி வந்ததில் எனக்கு நீளமாகத் தெரிந்தது அந்தக் கடைசித் தூரம்தான். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார். என் கையை ஒரு தடவை அழுத்தினார். அவருக்கும் பயம்தான்.

கோயிலுக்குள் நாங்கள் நுழைந்தபோது பதினொன்றே கால். பலகையில் பட்டுவேட்டியோடு பாண்டி உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் மொட்டைத்தலையும் சந்தனமுமாகத் தர்ஷினி. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் பாண்டி எழுந்தான்.

"வாண்ணே, ஒக்காரு. வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து ஏறிரலாம்னு பாத்தேன். வந்துட்ட."

அமுதாவுக்குக் கண் நிறைந்தது. பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். தர்ஷினி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். எண்ணெய் வழியும் தலை, இரண்டு நாள் தாடி. வீல் என்று கத்திக்கொண்டு பாண்டியிடம் தாவினாள். பலூன் கொடுத்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் என் மேலேயே எறிந்தாள். சேர்த்த மைலையெல்லாம் கொட்டிக் கொடுத்து ஒரு மடியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன், உட்கார ஆள் இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இன்னும் இருவது நிமிசந்தான் இருக்கு" என்றார் அப்பா.

"அவளுக்கு ஒன்ன நேர்ல தெரியாதுண்ணே. ஞாயித்துக்கெழமைக்கி ஞாயித்துக்கெழம போன்ல வர்ற ஆளுதான் அவளுக்கு மாமா" என்று சொல்லிவிட்டு, அமுதா தன் போனை எடுத்தாள். திமிறிய பிள்ளையை மறுபடி என் மடியில் வைத்து, முன்பக்கக் கேமராவைத் திறந்து போனை என் கையில் கொடுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் பிடிக்கச் சொன்னாள். திரையில் என் முகம் தெரிந்தது. தர்ஷினி அழுகையைச் சட்டென நிறுத்தினாள். "மாமா" என்று சிரித்தாள். "மாமா, நான் மொட்டடிச்சிட்டேன்" என்று தலையைக் காட்டினாள். அழகா இருக்குடா என்று நானும் திரையைப் பார்த்தே சொன்னேன். குனிந்து அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அவள் அலறி முடிப்பதற்குள் மறு காதையும் முடித்துவிட்டார். தர்ஷினி தேம்பித் தேம்பிப் போனைத்தான் பிடித்தாள். "மாமா, இவுக என்னயப் புடிச்சு வச்சிருக்காக. காது வலிக்கிது. நீ வா மாமா" என்றாள்.

அவளை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போனைப் பார்த்து, "இந்தா கெளம்பிட்டேன் தங்கம், வாரேன்" என்றேன்.