பழுக்காத சீமை அத்தி

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி ஒரு சீமை அத்தி நின்றது. அம்மாவைப் பெற்ற தாத்தா ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பும்போது ஈரத்துணியில் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்த குச்சி அது. எங்கள் மார்க்கத்தில் அத்திக்கு மரியாதை உண்டு. அதனால் மகளின் கல்யாணச் சீரோடு அதையும் சேர்த்து அனுப்பினார். பித்தளைக் குடம், தகரப் பெட்டி, மெத்தை, கூடவே மண்தொட்டியில் துளிர்விட்ட ஓர் அத்தி. அம்மாதான் அதைக் கிணற்றடியில் நட்டாள். நான் பிறந்தபோது அது என்னைப் பெற்ற அத்தாவின் தோள் உயரம் இருந்ததாம்.

மரம் காய்க்காமல் இல்லை. கோடை தொடங்கினால் இலைக்கு ஒன்றாகப் பச்சைக் காய் பிடிக்கும். கோலிக்குண்டு அளவு வந்ததும் மஞ்சளாகி, சுருங்கி, உதிர்ந்துவிடும். எந்த வருஷமும் ஒரு காய்கூடப் பழமானதில்லை. ஒரு கிளை குளிக்கிற இடத்தின் தகரக் கூரைமேல் சாய்ந்திருந்தது. காய் அதில் விழும்போது யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டுவது போலிருக்கும்.

அம்மா அதற்குச் செய்யாத பக்குவம் இல்லை. ஆட்டுப் புழுக்கை போட்டாள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள். ஓதிய தண்ணீரும் வாங்கிவந்து வேரில் விட்டாள். எனக்குப் பிறகு அவள் வயிற்றில் உண்டான பிள்ளைகளும் தங்கவில்லை. உதிர்ந்த காய்களை முந்தானையில் பொறுக்கும்போது, பக்கத்தில் நான் இருப்பதை மறந்து, "என் கை பட்டது எதுவும் நிக்காது போலிருக்கு" என்பாள். எனக்கு அது மரத்தைப் பற்றிய பேச்சு என்றுதான் அப்போது பட்டது.

அறுபதுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையில், பிரசவத்தில் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து போனார்கள். அதுவும் கோடைதான். மவுத்து வீட்டுக்கு வந்த பெண்கள் கிணற்றடியில் நின்று கை கால் கழுவும்போது தகரத்தில் காய்கள் விழுந்துகொண்டிருந்தன. ஒருத்தி மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொருத்தியிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சட்டென்று உள்ளே போய்விட்டார்கள்.

அதன் பிறகு அத்தா பின்பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். அவர் புளி வியாபாரி. சித்தேரி மலைக்குப் போய்ப் புளி பிடித்துவந்து வெளியூர் மண்டிகளுக்கு அனுப்புவார். குளியலைக் கடைக்குப் பக்கத்துக் கிணற்றில் முடித்துக்கொண்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த அத்தை மதியச் சாப்பாடு முடிந்ததும் தூங்கிவிடுவாள். வெயில் உச்சியில் நிற்கும். தெருவில் நாய்கூட நடக்காது. அப்போது பின்பக்கம் தகரத்தில் ஒரு தட்டல் கேட்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு இன்னொன்று. அம்மா குளித்து முடித்துவிட்டு, மாற்றுச் சேலை எடுத்துவரச் சொல்லி இப்படித்தான் உள்ளிருந்து தகரத்தைத் தட்டுவாள். நான் எழுந்து சேலையை எடுத்துக்கொண்டு பின்கட்டு வாசல்வரை போயிருக்கிறேன். தாண்டிப் போனதில்லை. வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பேன். சோப்பு வாசனைகூட வரும்.

மறுவருஷம் அத்தாவுக்கு இரண்டாம் தாரமாகச் சின்னம்மா வந்தாள். பென்னாகரத்துக்காரி. நெட்டையாக, வேகமாக நடப்பாள். பேசும்போது எதிராளியின் முகத்தை நேராகப் பார்ப்பாள். வந்த வாரமே பக்கத்து வீட்டம்மா வேலியோரம் நின்று எல்லாக் கதையையும் சொல்லிவிட்டாள். அவர்கள் விவசாயக் குடும்பம். எங்களோடு நல்ல பழக்கம். அம்மாவுக்கு வலி எடுத்தபோது வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களும் அவர்கள்தான்.

"அந்த மரத்தாண்ட உச்சி வேளையில போவாதே பொண்ணே. அவ அங்கதான் சுத்தறா. நானே சத்தம் கேட்டிருக்கறேன்."

"கேட்டா கேட்டுட்டுப் போவுதுங்க. அவங்க நட்ட மரம், அவங்க வூடு. என்னைய எதுக்கு அவங்க வெரட்டப் போறாங்க?" என்றாள் சின்னம்மா.

சொன்னபடியே மதியத்தில்தான் துணி துவைத்தாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். காய் விழும்போது அவள் கை ஒரு கணம் நிற்கும். பிறகு முன்பைவிடப் பலமாகத் துணியை அடிப்பாள்.

அடுத்த கோடையில் அவளுக்கும் வயிற்றில் தங்கவில்லை. தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து பாயில் படுத்திருந்தாள். பின்பக்கம் தட்டல் கேட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு காதைப் பொத்தினாள். அவள் பயந்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஒரு பக்கம் அழுகை வந்தது. இன்னொரு பக்கம், அம்மாவுக்கு இது பிடிக்கவில்லையோ என்றும் தோன்றியது.

பக்கத்து வீட்டம்மா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தாவிடமே நேராகச் சொன்னாள்: "மரத்த வெட்டிப் போடுங்க பாய். ஆசையா இருந்தா வேற அத்தி வைங்க. எங்க கொல்லையில நாட்டத்தி கெடக்குது, கன்னு தர்றன். அடியிலிருந்து நுனி வரைக்கும் கொத்துக் கொத்தாப் பழுக்கும்."

அத்தா தலையைக் குனிந்துகொண்டு, "மக்காவுலருந்து வந்தது. எப்பிடிங்க வெட்டறது?" என்றார்.

சின்னம்மா பாயில் எழுந்து உட்கார்ந்தாள். "இது என்ன ஜாதி அத்தி?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அத்தா விழித்தார். "சீமை அத்திதான்."

"சீமை அத்தியில ஒண்ணுதான் இருக்குமா? மாம்பழத்துல எத்தன இருக்குது!"

அதிலிருந்து அவளுக்கு அதே யோசனை. உடம்பு தேறியதும் நாட்டத்தியை முதலில் பார்க்கப் போனாள். என்னையும் கூட்டிப்போனாள். சிவந்த பழத்தைப் பிட்டால் உள்ளிருந்து கொசு போலப் பூச்சிகள் பறந்தன. மரத்தின் வேர் பக்கத்து வீட்டுத் தொட்டிச் சுவரைப் பிளந்திருந்தது. "கெணத்தையே சாச்சுப் போடும், வேணாம்" என்றாள். சித்தேரியில் அத்தி உண்டா என்று அத்தாவிடம் கேட்டுவைத்தாள். அவர் அடுத்த முறை மலையிலிருந்து இறங்கும்போது ஒரு கிளை ஒடித்துவந்தார். இலை சொரசொரவென்று இருந்தது. காயெல்லாம் மயிர். அதற்கு மலையில் என்ன பெயர் என்று கேட்டோம். பேயத்தி என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கிளையை அப்படியே தூக்கித் தெருவில் போட்டுவிட்டு வந்தார்.

பெங்களூரில் அத்தா புளி அனுப்பும் மண்டிக்காரர், அங்கே செடிப் பண்ணைகளில் விதவிதமான சீமை அத்தி கிடைப்பதாகச் சொல்லியிருந்தார். சின்னம்மா பிடித்த பிடியில் மூவரும் கிளம்பினோம். கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பஸ் மாறி மாறிப் போனோம். அன்று காலை அவள் தனியாகக் கிணற்றடிக்குப் போய் ஓர் இலையும், உதிர்ந்ததில் வாடாத சில காய்களும் பொறுக்கி, ஈரக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். வழியெல்லாம் அந்த முடிச்சு அவள் மடியில் இருந்தது. ஒரு பிள்ளையைப் பிடித்திருப்பது போலப் பிடித்திருந்தாள்.

பண்ணைக்காரர் கன்னடம் கலந்த தமிழ் பேசினார். வரிசையாகத் தொட்டிகள். பூனா அத்தி, பழுப்பு நிறத் துருக்கி அத்தி, கறுப்பு அத்தி என்று காட்டினார். இலையில் ஒன்றுக்கொன்று வெட்டு வேறாக இருந்தது. எந்த மண், எவ்வளவு வெயில், கிணற்றில் தண்ணீர் கோடையில் நிற்குமா என்றெல்லாம் விசாரித்தார். அத்தா பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சின்னம்மா கைக்குட்டையை அவிழ்த்து நீட்டினாள்.

"இது ஏன் நிக்க மாட்டேங்குது?"

அவர் ஒரு காயை எடுத்துச் சூரிக்கத்தியால் இரண்டாகப் பிளந்தார். பால் கசிந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எங்கிருந்து வந்தது?"

"அரபு நாட்டுப் பக்கம்" என்றார் அத்தா.

"அதானே. உள்ள இருக்கறது அத்தனையும் பெண் பூ. இந்த ஜாதிக்கு ஆண் மரம் ஒண்ணு தனியா வேணும். அந்த மரத்துக் காயில ஒரு சின்னப் பூச்சி உண்டாகும். அது வந்து இதுக்குள்ள நுழைஞ்சாத்தான் காய் நிக்கும். இந்தப் பக்கம் அந்த மரமும் இல்லை, பூச்சியும் இல்லை."

"நாட்டத்தியில பூச்சி இருக்குதே?"

"அது வேறம்மா. இதுக்கு ஒத்துவராது."

"எரு போட்டா? தண்ணி பாத்துப் பாத்து ஊத்துனா?"

"என்ன செஞ்சாலும் உதிரும். மரத்துல ஒரு குறையும் இல்லை. வளத்தவங்க மேலயும் தப்பில்லை. வந்து சேந்த எடந்தான் அதுக்குச் சரியில்லை."

சின்னம்மா அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பண்ணைக்காரர் தான் எதையோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று பதறி, "என்னாச்சு சார்?" என்று அத்தாவைக் கேட்டார். அத்தா பிளந்த காயைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா போன பிறகு அவளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்போது பேசினார்.

"கடைசி வரைக்கும் தம் மேலதான் தப்புன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டா. மரத்துக்கும் சேத்து, புள்ளைங்களுக்கும் சேத்து."

சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தனியா நின்னே பழுக்கறது எது?" என்று கேட்டாள்.

இங்கிருக்கும் எல்லாமே அப்படித்தான் என்றார் அவர். துருக்கி அத்தி பெரிதாகக் காய்க்கும், கறுப்பு அத்தி இனிப்பு அதிகம், ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்கும் வறண்ட காற்றுக்கும் பூனாதான் தாங்கும் என்றார். பெரிதும் வேண்டாம், இனிப்பும் வேண்டாம், தாங்குகிறதையே கொடுங்கள் என்று சின்னம்மா பூனாவை வாங்கிக்கொண்டாள். பழையதை என்ன செய்வது என்று அத்தா கேட்டார். "அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுங்கிட்ட இனிமே யாரும் ஒண்ணும் கேக்க வேணாம்" என்றாள்.

ஊர் திரும்பிய மறுநாள் மதியம், அத்தை தூங்கிய பிறகு சின்னம்மா கிணற்றடிக்குப் போனாள். நான் வழக்கம்போல வாசலில் நின்றேன். அவள் துணி எடுத்துப் போகவில்லை. மரத்தடியில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகரத்தில் ஒரு காய் விழுந்தது.

"உங்க மேல தப்பில்லையாம்க்கா" என்றாள் அவள், எதிரில் ஆள் இருப்பது போல, சாதாரணக் குரலில். "அவரு பொளந்தே காட்டுனாரு. நானும் பாத்தன், புள்ளையோட அத்தாவும் பாத்தாரு."

கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள். மறுபடி விழுந்தது. நான் அன்றுதான் வாசலைத் தாண்டினேன். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நகர்ந்து இடம் மட்டும் விட்டாள்.

காரணம் தெரிந்துவிட்டால் அந்தச் சத்தம் வெறும் சத்தமாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பூச்சியையும் ஆண் மரத்தையும் பற்றி வகுப்பில் எல்லாரிடமும் விளக்கிச் சொன்னேன். ஆனாலும் உச்சி வேளையில் தகரம் தட்டினால் கை தானாகக் கொடியில் கிடக்கும் சேலையைத் தேடும். பக்கத்து வீட்டம்மாவும் விஷயத்தைக் கேட்டு, "பூச்சியோ எதுவோ, அவ அங்கதான் இருக்கறா" என்று முடித்துவிட்டாள். சின்னம்மா மறுக்கவில்லை.

பூனா அத்தியை அவள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே, வேறு பக்கத்தில் நட்டாள். பண்ணைக்காரர் சொன்னபடி வருஷம் தவறாமல் கிளையைக் கழித்துவிட்டாள். இரண்டு கோடை போனதும் மணி போல வெளிர் ஊதாப் பழங்கள் தொங்கின. முதல் பழத்தைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாள். உள்ளே இரத்தச் சிவப்பு. நான் அதைத் தின்னாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் தன் பாதியை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். அத்தா வந்து இரண்டையும் வாங்கி மென்று தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, தின்னுங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு நாங்களும் தின்றோம்.

சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறக்கவேயில்லை. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் பூனா அத்தியில் குச்சி வெட்டிக் கொடுத்தாள். பழைய மரத்தில் யாரையும் கை வைக்க விடவில்லை. எழுபதுகளில் மழை பொய்த்துக் கிணறு வற்றிய வருஷம் அது இலை உதிர்த்தது. மறுபடி துளிர்க்கவில்லை. விறகுக்குக் கேட்டவர்களுக்கு அத்தா கொடுக்கவில்லை. காய்ந்த மரம் நின்றபடியே இற்றுப்போனது.

எனக்குத் தருமபுரியில் கல்யாணம் ஆனது. சில வருஷத்தில் அத்தாவும் காலமாகிவிட, சின்னம்மா என்னோடு வந்து இருந்தாள். எங்களுடையது மாடி வீடு, மண் கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பூனாக் குச்சியை எண்ணெய் டின்னில் மண் நிரப்பி மொட்டைமாடியில் வைத்தாள். ஒரு மதியம் வடகம் காயவைத்துவிட்டு, டின்னின் நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

"உங்கம்மா கொரலு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தேன். எவ்வளவு முயன்றும் காதில் எதுவும் வரவில்லை. அம்மாவின் முகம் வந்தது, ஈர முடி வந்தது. குரல் மட்டும் வரவில்லை.

"ஞாபகம் இல்லீங்க சின்னம்மா."

அவள் ஆச்சரியப்படவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வடகத்துக்கு வந்த காக்கையை ஓட்டினாள்.

"எனக்குத் தெரியும். கொஞ்சம் கம்மலான கொரலு" என்றாள்.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இருவரும் வெயில் தாழும்வரை அங்கேயே இருந்தோம்.