மடங்குவதற்கு முன் எடுத்த கை

எனக்கு முதலில் மடங்கியது வலது கையின் மோதிர விரல். வலி இல்லை, வீக்கம் இல்லை. பியானோவில் வேகமாக ஓடும் இடத்துக்கு வந்தால் மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். கையை எடுத்தால் நேராகிவிடும்.

எங்களுடையது குமராட்சிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். அதிலிருந்து ஒருவன் ஜாஸ் வாசிக்கப் போனதே உறவில் பெரிய வேடிக்கை. மெட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த நேரத்தில் தோன்றுவதை அங்கேயே கட்டிக்கொண்டு போகும் இசை அது. சென்னை ஓட்டல்களில் வாசித்தேன், கப்பலில் வாசித்தேன், சொந்தமாக மெட்டுகள் எழுதினேன். மனைவிக்கு அண்ணாமலை நகரில் வேலை கிடைத்ததும் சிதம்பரம் வந்து சேர்ந்தோம். கடலூரில் இருக்கும் அவள் தம்பி எங்கள் குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பவன். என் மெட்டுகளை மட்டுமே வைத்துப் புதுச்சேரியில் ஒரு கச்சேரி என்று முடிவான சமயத்தில்தான் விரல் தன் வேலையைக் காட்டியது.

வாசிப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். கை சொன்னபடி கேட்கவில்லையென்றால் எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து சாதகம். காலையில் உட்கார்ந்தால் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பேன். வாசிக்க வாசிக்கச் சுண்டு விரலும் சேர்ந்து மடங்கியது.

ஆனால் சாம்பார் ஊற்றிப் பிசைந்து உருட்டும்போது அதே விரல்கள் ஒழுங்காக வேலை செய்தன. ஒத்திகைக்கு வந்திருந்த மைத்துனன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டான்: "சோறு பெசையறப்ப நல்லாத்தான இருக்கு மச்சான்? பொட்டிகிட்ட போனா மட்டும் என்னா வருது?"

கேலிதான். எல்லாம் மனப்பிரமைதானோ என்று எனக்கே சந்தேகம் இருந்ததால் சுருக்கென்றது.

எலும்பு டாக்டர், சத்து மாத்திரை, எண்ணெய் நீவல் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் கீபோர்டைக் கொண்டுவரச் சொல்லி, வாசிக்க வைத்துப் பார்த்தார். டிஸ்டோனியா (மூளையின் கட்டளை குழம்பி, தசை தானாக இழுத்துக்கொள்வது) என்றார். ஒரே ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் வரும் வகையாம்.

"மடங்க ஆரம்பிச்சப்ப என்ன பண்ணீங்க?"

"ஜாஸ்தியா ப்ராக்டீஸ் பண்ணேன் சார்."

"மடக்கறதையே மூளைக்குப் பழக்கிட்டீங்க."

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் திரும்பினோம். இத்தனை காலம் எனக்குச் சோறு போட்ட பழக்கமே கையைக் கெடுத்தது என்பது தாங்க முடியாததாக இருந்தது.

போட்டுலினம் ஊசி (இழுக்கும் தசையைத் தளர்த்தும் மருந்து) போட்டார்கள். விரல் தளர்ந்தது, பிசைந்த சோறும் விரலிடுக்கில் வழிந்தது. பிறகு பயிற்சி. மிக மெதுவாக வாசிக்க வேண்டும். மடங்கப் போகிறது என்று தோன்றியதும் கையை எடுத்துவிட வேண்டும். இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன், ஊசியைவிட இந்த நிறுத்தம்தான் கொடுமை. சலிப்பு ஆளைத் தின்றுவிடும். யாருக்கும் தெரியாமல் கூடுதலாக வாசித்து, நான் பலமுறை பின்னுக்குப் போயிருக்கிறேன்.

தள்ளித் தள்ளிப்போன கச்சேரி ஒருவழியாக நடந்தது. நான் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. அந்த ஓர் இடத்துக்காகத்தான் இத்தனை பாடும். நன்றாகவே போனது. பாதியில் விரலில் பழைய இறுக்கம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்துவிடலாம் என்றது மனசு. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மைத்துனனைப் பார்த்துத் தலையசைத்தேன். ஜாஸில் அதற்கு 'இனி நீ வாசி' என்று அர்த்தம். அவன் ஒரு நொடி திகைத்து, பிறகு எடுத்துக்கொண்டான். கூட்டம் கை தட்டியது.

இறங்கியதும் மனைவி, "நல்லா இருந்துச்சு மாமா" என்றாள்.

"பாதியில நிறுத்திட்டேன்."

"நிறுத்துனதத்தான் சொல்றேன்."

முன்பெல்லாம் அடுத்த வருஷத்து நிகழ்ச்சிக்கு இன்றே ஒப்புக்கொள்வேன். இப்போது காலையில் பியானோ முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அன்றைக்குக் கையில் எவ்வளவு மிச்சம் என்று தெரிகிறது. இன்று ஒரு மெட்டின் பாதிவரை வந்தேன். மீதியை மனசுக்குள் கேட்டுக்கொண்டே எழுந்துபோய்க் காப்பி போட்டேன்.