நான் போட்ட கூட்டல் குறி

எங்கள் அப்பா மீன்பிடிக்கப் போகிறவர். கடலடியில் ஒருகாலத்தில் முத்துச்சிப்பி கிடந்த பாறைத் திட்டுகளை 'பார்' என்போம். கோயில் கோபுரத்தையும் அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் நேர்கோட்டில் வைத்து அப்பா பாரைக் கண்டுபிடிப்பார். சித்தப்பாவுக்குக் கலங்கரை விளக்கமும் பனங்கூட்டமும். "ஏலே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று ஓயாத சண்டை. நங்கூரம் என்னவோ ஒரே பாரில்தான் விழும்.

நான் கல்லூரியில் இயற்பியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். ஆறு வருஷம் கழித்து ஒரு நிரந்தர வேலை காலியானது. தேர்வுக்குழு முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். சிறப்புச் சார்பியலில் காலவெளி இடைவெளி யாருக்கும் மாறாது என்பதை எடுத்துக்கொண்டேன்.

அப்பாவையும் சித்தப்பாவையும் கரும்பலகைக்கே இழுத்துவந்தேன். இரண்டு பார்களுக்கு இடையே ஒருவர் ஒரு திசை பிடித்து அதன் நெடுக்கிலும் குறுக்கிலும் அளக்கிறார், மற்றவர் வேறு திசை பிடித்து. எண்கள் வேறு வேறு. அவரவர் நெடுக்கையும் குறுக்கையும் வர்க்கம் எடுத்துக் கூட்டினால் இருவருக்கும் ஒன்றே. இரண்டு நிகழ்வுகளுக்கு இடையிலும் அப்படித்தான் என்றேன். கரையில் நிற்பவருக்கும் வேகமாகப் போகிறவருக்கும் நேரமும் ஒத்துப்போகாது, தூரமும் ஒத்துப்போகாது. ஆனால் அந்த நேரத்தில் ஒளி போகும் தூரத்தின் வர்க்கத்தோடு இடைதூரத்தின் வர்க்கத்தை... கூட்டல் குறி போட்டேன். கம்பீரமாகத் திரும்பியும் நின்றேன்.

குழுவிலிருந்த ஒரு அம்மா, "ஒளிக்கே போட்டுப் பாருங்களேன்" என்றார். ஓர் ஒளிக்கீற்று புறப்படுவது, போய்ச் சேர்வது. போட்டேன். கரைக்கு ஒரு எண், போகிறவருக்கு இன்னொரு எண். ஐயோ மாதாவே! கழிக்க வேண்டிய இடம் அல்லவா அது? கழித்தால்தான் எல்லோருக்கும் பூஜ்யம். கடல் கணக்கில் ஊறிய கை தன் போக்கில் கூட்டிவிட்டது. அழித்துத் திருத்தினேன். அவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடித்தார்கள்.

வேலை வேறொருவருக்குப் போனது. வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

"போட்டும், வுடு. அழாதளா, மவளே" என்றார் அப்பா.

அவர் மேலேயே எரிச்சல் வந்தது. அவருடைய பாரை அங்கே யார் கேட்டது?

அடுத்த மாதம் அதே கல்லூரி, அதே கௌரவம், அதே பாடம். முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். "மிஸ், ஏன் கழிக்கணும்? கூட்டுனா என்ன?"

"கூட்டிப் பாருளா. வேலை போயிரும்."

வகுப்பே சிரித்தது. சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, ஒளிக்கே போட்டுப் பார் என்றேன்.