பத்தாம் தரத்துக்கு நான் கொடுத்த பக்கம்

பாடநூலில் இருந்த நினைவுக் குறிப்பு பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. யாரோ ஒருவர் தன் கப்பல் பயணத்தைப் பற்றி எழுதியது. எழுதியவரின் தொனி என்ன, நோக்கம் என்ன என்று கேட்டால், "மகிழ்ச்சி, டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். தவணைப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தெரிந்த வாழ்க்கையாக இருந்தால் வாய் திறப்பார்கள் என்று நினைத்து நானே ஒரு பக்கம் எழுதினேன். பெயர் போடவில்லை. யாரோ ஒரு தாய் எழுதியது என்று சொன்னேன்.

அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் மாமியாரோடு இருந்தோம். அவர் அங்கே தொழிலாளியாகப் பேர் பதிந்தவர் என்பதால் மகளைப் பிள்ளைக் காம்பராவில் விட முடிந்தது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அறை அது. பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரே ஆயம்மா. காலையில் மகளை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கண்டியிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறுவேன்.

அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது இதுதான். பிள்ளையின் இடுப்புத் துணியை நான் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மடித்து ஒரு முடிச்சுப் போட்டு அனுப்புவேன். மாலையில் முதலில் அந்த முடிச்சைத்தான் பார்ப்பேன். ஒரு நாள்கூட அது அப்படியே இருந்ததில்லை. வேறு கை அவிழ்த்து, துணி மாற்றி, வேறு விதமாகக் கட்டியிருக்கும். அந்தக் கைக்கு நன்றி என்று முடித்திருந்தேன்.

ஆயம்மாவின் மகள் அதே வகுப்பில் இருந்தாள். எனக்கு அது தெரியும். புகழ்ந்துதானே எழுதியிருக்கிறேன், வாசித்தால் அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"தொனி என்ன?" என்று கேட்டேன்.

"நன்றி" என்றாள் முன்வரிசைப் பிள்ளை.

"நன்றியா? தபால் கந்தோர்ல பார்சலுக்கு சீல் வைக்கிற மாதிரில்ல புள்ளைக்கு முடிச்சுப் போட்டு அனுப்புறாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

"ஒருநாள் ரெண்டுநாள் பாத்தா சரி, டீச்சர். இவங்க தெனமும் பாக்குறாங்க. நம்பிக்கை இருந்தா பாப்பாங்களா?"

முதல் முறையாக எல்லோரும் பேசினார்கள். நான் கற்பிக்க நினைத்த பாடமும் அதுதான்: எழுதியவர் சொல்வது ஒன்று, எழுத்தில் தெரிவது ஒன்று. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.

ஆயம்மாவின் மகள் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் கொப்பியை மேசையில் வைத்தாள். தொனி: சந்தேகம். நோக்கம்: தான் நல்ல தாய் என்று காட்டுவது.

"இந்த முடிச்ச நான் பாத்திருக்கேன், டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு எந்தப் பாடமும் ஓடவில்லை. மகளை விட எனக்கு வேறு இடம் கிடையாது. நாளையிலிருந்து அந்தக் கைகள் அவளை எப்படித் தூக்கும்? இப்படிக் கேட்பதே இன்னொரு சந்தேகம்தானே என்றும் பட்டது.

மாலைப் பஸ்ஸில் அந்தப் பிள்ளை எனக்கு முன் ஆசனத்தில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கியதும் தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் ஓடினாள். நான் ரோட்டு வழியாகவே போனேன், வேண்டுமென்றே மெதுவாக. என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்து, மூன்றையும் விட்டுவிட்டேன்.

ஆயம்மா வாசலிலேயே மகளை வைத்துக்கொண்டு நின்றார். அன்று முடிச்சைப் பார்க்கவே கூடாது என்றிருந்தேன். கண் அங்கேதான் போனது. மூன்று சுற்று, நுனி உள்ளே. என் முடிச்சு, காலையில் போட்டபடியே. அப்படியானால் இன்று துணியே மாற்றவில்லையா? வாங்கும்போது துணி கையில் பட்டது. உலர்ந்திருந்தது; சவர்க்கார வாசம். நிறமும் வேறு. காலையில் கட்டியது மஞ்சள், இது வெள்ளை.

"ஒங்க முடிச்சையே போட்டுட்டேன், டீச்சர். இனிமே நீங்க பாத்தாலும் தெரியாது" என்றார் ஆயம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உள்ளே அவருடைய மகள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் நல்லதாத்தான் எழுதினேன், ஆயம்மா" என்றேன்.

"நல்லதாத்தான் எழுதியிருப்பீங்க. மழை வரப்போகுது, புள்ளைய மூடிக்கிட்டுப் போங்க."

கேலியா, கோபமா, மன்னித்துவிட்டாரா? பிள்ளைகளுக்குத் தொனி கற்பித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் குரலைப் பிரித்தறியத் தெரியவில்லை.

அந்தக் கொப்பிக்கு முழுப் புள்ளியும் போட்டேன். மறுநாள் காலை துணிக்கு எல்லோரையும்போலச் சாதாரண முடிச்சே போட்டேன். பிள்ளையைக் கொடுக்கும்போது, அதை ஆயம்மா கவனித்தாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் ஹோர்ன் அடித்தது.