பின்பக்கம் பார்த்த இருக்கை

நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. எனக்கு நடந்தது இது. நடந்தபடியே சொல்கிறேன்.

என் கணவருக்குப் பழைய கார் என்றால் பைத்தியம். ஒரு மருந்துக்கடைக்காரர் தன்னுடைய ஸ்டேஷன் வேகனை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாங்கள் எஸ்.யூ.வி. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதை விற்றுவிட்டு இதை வாங்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“நம்மது தகர டப்பா. அது தேர்!”

தேர்தான், இல்லை என்று சொல்லவில்லை. நீளமான உடம்பு, பளபளக்கும் மூக்கு. கடைசி இருக்கை மட்டும் பின்பக்கம் பார்த்திருக்கும். அதில் பெல்ட்டே கிடையாது. எங்கள் வண்டியிலோ, யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் போதும், டிங் டிங் என்று கத்தி ஊரையே கூட்டிவிடும்.

மலைப்பாதையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதாகப் பேச்சு. சாயங்காலம் ஐந்தரை மணி. தூறல். அவர் வேகனில் முன்னே போனார். நான் எஸ்.யூ.வி.யில் பின்னே, தனியாக.

ஏற்றத்தில் வேகன் திணறியது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இன்னும் நெருங்கிப் போனேன்.

வேகனின் பின் கண்ணாடியில் ஒரு சிறுமி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் போட்டேன்.

“என்னங்க, அவங்க வீட்டுக் குழந்தையையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?”

“எந்தக் குழந்தை?”

“கடைசி சீட்ல இருக்காளே...”

“விளையாடாதே. அந்த சீட் மடக்கிக் கிடக்கு.”

அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். அவ்வளவு கிட்டே இருந்தும்... அவள் மூச்சு கண்ணாடியில் படியவே இல்லை.

ஒரு வளைவு. வேகன் மறைந்தது.

நானும் திரும்பினேன். பின் கண்ணாடி காலி.

அப்பாடா...

டிங். டிங். டிங்.

என் வண்டிதான். திரையில் சிவப்பு விளக்கு. பின் இருக்கை, இடது பக்கம். பெல்ட் போடவில்லை.

அங்கே நான் எதுவுமே வைக்கவில்லை. என் கைப்பைகூட முன்னால்தான் இருந்தது.

டிங். டிங்.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

சர்ர்ர்... பெல்ட் இழுபடும் சத்தம்.

க்ளிக்.

டிங் நின்றது.

எப்படி ஓரம்கட்டினேன், தெரியாது. ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லையாம். அவர் ஓடி வந்து பின்கதவைத் திறந்தார்.

“ஆளே இல்லாம இந்த பெல்ட்டை யாரு போட்டது?”

கழற்றக் கை நீட்டினார்.

“தொடாதீங்க...”

என் முகத்தைப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்தினார்.

அன்றைக்கே வேகனைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வண்டி வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். வேறு மூச்சு விடவில்லை.

மறுவாரம் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

“தப்பா நினைக்காதீங்கம்மா... எங்க பொண்ணு உங்க கூட வந்துட்டாளா?”



“அவ போய் ஒன்பது வருஷம் ஆச்சு. என் சம்சாரம் தினமும் அந்த வண்டியில ஏறி, அவ பக்கத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வருவா. எனக்குப் பயமா இருந்துச்சும்மா. அதான் விக்கப் பார்த்தேன். நீங்க கொண்டுவந்து விட்ட நாள்லேருந்து...”

போனில், அவருக்குப் பின்னால் ஒரு பெண் விம்முவது கேட்டது.

“...சீட் காலியா இருக்காம். ஒரே ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டச் சொல்லி அழறாம்மா.”