அப்பாவின் கற்களில் என் பங்கு

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் வீட்டில் அப்பா கொடுத்த செங்கல் இருக்கிறது. துக்கம் கேட்க வந்தபோது ஒவ்வொருவரும் அதைத்தான் சொன்னீர்கள். "எங்க அடுப்படிச் சுவரு உங்கப்பா குடுத்த கல்லும்மா" என்றார் ஒருவர். "எங்க கெணத்து மேடைகூட" என்றார் இன்னொருவர். கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்பா ஐயம்பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் இருந்தது ஒரே தறி. அதில் பெரியப்பா உட்கார்ந்தார். அப்பா சின்னக் காஞ்சிபுரம் வந்து, புதிதாகத் தறி போடும் வீடுகளில் தறிக்குழி தோண்டும் வேலைக்குப் போனார். தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அப்பா அதைக் கூடையில் சுமந்து போய், தரை பள்ளமாகிப் போன வேறொரு வீட்டில் கொட்டி, கெட்டித்துக் கொடுத்தார். இரண்டு வீட்டிலும் கூலி கிடைத்தது. அவருடைய தொழில் அப்படித்தான் தொடங்கியது.

பிறகு ஒற்றை மாட்டு வண்டி வாங்கி, வீடு இடிக்கும் இடங்களுக்குப் போனார். கிடங்கு ஒன்று பிடித்தார். முழுக் கல் சுவருக்கு, அரைக் கல் கடைக்காலுக்கு. உடைந்ததை அம்மா ஜல்லியாக உடைப்பார். அது மாடித் தளத்துக்குப் போகும். மிஞ்சிய செங்கல் பொடியைச் சலித்துச் சுண்ணாம்போடு கலந்தால் பூசுவதற்குச் சுர்க்கிக் காரை. இடிந்த மண்சுவர் ஏனாத்தூர் வயலுக்கு. கோயில் நந்தவனத்துச் சருகும் வாடிய மாலைகளும் தனிக் குழியில் மக்கும். அந்த எருவை யார் கேட்டாலும் நெல்லுக்குத் தரமாட்டார், பூச்செடிக்கு மட்டும்தான். "சாமி பூவு சாமிகிட்டவே போவட்டும்" என்பார்.

அப்பா தெருவில் வந்தால் மூலைக்கடைக்காரர் சத்தம் போடுவார்: "அண்ணே, எங்க சுவரை அப்படிப் பாக்காதீங்க, அது இன்னும் நல்லாத்தான் இருக்குது!"

"இருக்கட்டும்பா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பார் அப்பா.

அக்கா படிக்கவில்லை. சிறு வயதிலிருந்தே கிடங்கில் அப்பாவின் பக்கத்திலேயே இருந்தாள். இரண்டு கல்லை மோதிப் பார்ப்பார்கள். 'ணங்' என்றால் நல்ல கல். 'பொத்' என்றால் ஜல்லிக்கு. அப்பா முகத்தைச் சற்றுத் தூக்கினால் போதும், அக்கா அந்தக் கல்லைப் போட வேண்டிய பக்கம் போட்டுவிடுவாள். அவர்களுக்குள் பேச்சே தேவைப்படாது. நான் வாசலில் வந்து நின்றால், "தூசும்மா. உள்ள வராத, போய்ப் படி" என்பார்.

எனக்கு எல்லாமே புதிதாகத்தான் வரும். கூடப் படித்தவர்கள் பழைய புத்தகம் வாங்கினார்கள். அப்பா எனக்குக் கடையில் புதுப் புத்தகம் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பயிற்சி முடித்து, ஆசிரியை ஆனேன். அந்தப் பெருமையைத் தந்தவர் அப்பாதான். ஆனால் அக்காவுக்கு வீடு கட்டியபோது, கிடங்கு வேப்பமரத்தடியில் அவர் தனியாகப் பொறுக்கி அடுக்கியிருந்த கல் முழுவதும் அவள் வீட்டுக்குப் போயிற்று.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"உனக்கு இன்னாத்துக்கும்மா பழைய கல்லு? புதுசா சூளைக் கல்லு வாங்கிக் கட்டு" என்றார்.

ஒரு மழையில் நான் வேலை செய்யும் பள்ளியில் வகுப்பறைச் சுவர் ஒன்று விழுந்தது. இடிந்ததை அள்ளிப் பள்ளத்தில் கொட்டிவிடலாம் என்றார்கள். அப்போது அப்பா நெஞ்சுச் சளியால் கிடங்குக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அக்காதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது விட்டால் அப்பாவோடு ஒரு கல்லையும் தொடாமலே போய்விடுவேன் என்று பயம் வந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் பழைய கல்லா? புதுசு கேளும்மா" என்றார் அப்பா.

"பசங்க மரத்தடியில உக்காந்துக்கினு இருக்குதுங்க. நீங்க வாங்கப்பா."

"உங்க அக்காவை அனுப்பறேன்."

"அக்கா வேணாம். நீங்கதான் வரணும்." என் குரல் உடைந்துவிட்டது.

"இன்னாடி இது, டீச்சரம்மா அழுவுது!" என்று சிரித்தார்.

சனிக்கிழமை காலை வந்தார். அக்காதான் வண்டி ஓட்டி வந்தாள். சுத்தியும் கையுமாக இறங்கியவளை நான் மறித்தேன்.

"நீ போக்கா. கெடங்கைப் பாரு."

"உனக்கு இன்னா தெரியும்? கையைக் கிழிச்சிக்குவ."

"கிழிஞ்சா கிழியட்டும்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அன்று அப்பா முகத்தைத் தூக்கவில்லை. அக்கா சுத்தியை என் கையில் வைத்து, "முனை பாத்துப் புடி" என்று சொல்லிவிட்டு, வண்டியையும் விட்டுவிட்டு நடந்தே போனாள்.

அப்பா நிழலில் முக்காலியில் உட்கார்ந்தார். நான் கல்லில் ஒட்டிய காரையைத் தட்டி உதிர்த்து, மோதிக் காட்டினேன். ஒரு சொத்தைக் கல்லை நல்ல கல்லோடு சேர்த்து வைத்தபோது அப்பா கத்தினார். "காது எங்க வச்சிருக்க? கழுதைக்குக்கூடத் தெரியும்!" அக்காவைத் திட்டும் அதே வார்த்தை. அதுவரை அவர் என்னைத் திட்டியதே இல்லை. கல்லை எடுத்து மாற்றி வைத்தேன். கை எரிந்தது, மனசு நிறைந்திருந்தது. மறுநாள் மாலை கடைசிக் கற்களை மோதியபோது அப்பா முகத்தை மட்டும் தூக்கினார். எந்தப் பக்கம் போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

கொத்தனார் சுவரை எழுப்பினார். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.

கடைசி நாட்களில் அக்காவும் நானும் மாறி மாறி அப்பாவைப் பார்த்துக்கொண்டோம். ஒருநாள் இருமலுக்கு நடுவே, "சுவரு ஈரம் வாங்குதா?" என்று கேட்டார். எந்தச் சுவர் என்று அக்காவுக்குப் புரியவில்லை. "இல்லப்பா, நல்லா காஞ்சிருக்குது" என்றேன் நான்.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கடைசிவரை துணை நின்ற தெருக்காரர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கும், மாமாக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் வீட்டு அடுப்படியையும் கிணற்று மேடையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏகாம்பரநாதர் அப்பாவைத் தம் நிழலில் வைத்துக்கொள்ளட்டும்.

அக்காவுக்கும் நன்றி, அன்று திரும்பிப் போனதற்கு. இந்த மலரை அவளுக்கு நான்தான் படித்துக்காட்ட வேண்டும். இந்த வரியையும் விடாமல் படிப்பேன்.