ராத்தா என்னிடம் வாங்கிய சத்தியம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகளை முதன்முதலில் தராசில் தொங்கவிட்டு நிறை பார்த்தவர் எங்கள் ராத்தா. எங்கள் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தராக, ஊரார் வாயில் 'மிட்வைப் மிஸ்' ஆக, இருபது வருடத்துக்கும் மேலாக உங்கள் வீட்டுப் படலையைத் திறந்து வந்தவர். இறைவனின் நாட்டப்படி அவர் மறைந்து ஒரு வருடம் நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அவரது ஒரே தங்கையான என்னிடம் தந்திருக்கிறார்கள்.

நல்லவற்றை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ராத்தாவின் ஒரே மகள் வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாள்: "எல்லாத்தையும் எழுதுங்க சாச்சி. உம்மாக்கு என்ன நடந்த எண்டு ஆக்கள் என்னட்டக் கேக்கிறாங்க. எனக்குச் சொல்ல ஏலாம இரிக்கி." ஆகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ராத்தா நிந்தவூரில் பிறந்தார். வாப்பா வயல் செய்தவர். நான் பாடசாலை போகத் தொடங்கிய வருடமே அவர் மௌத்தாகிவிட்டார். உம்மாவையும் சுனாமியில் கடல் வந்த அன்று இழந்தோம். அப்போது ராத்தா மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். அகதி முகாமாக மாறியிருந்த பாடசாலை வகுப்பறை ஒன்றில், அந்த வயிற்றோடு, மற்றக் கர்ப்பிணிப் பெண்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு திரிந்தார். இரவில் நான் உம்மாவைத் தேடி அழுதால் தன் பாயில் என்னைக் கிடத்திக்கொள்வார். என்னைப் படிப்பித்து, கல்யாணம் செய்து வைத்து, என் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தெடுத்தவர் அவர்தான். அவர் சொன்ன எதையும் நான் மறுத்ததில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலையில் அவர் கண்டிப்பானவர். காய்ச்சலில் துவண்ட பிள்ளைக்குக் கசாயம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரு வீட்டில் அவர் போட்ட சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. "கைமருந்து வேணாம் எண்டு நான் சொல்லல்ல. ஆஸ்பத்திரிக்குக் காட்டிட்டுக் குடுங்க!" தாய்மாரைக் கூட்டி வைத்து மார்பகப் புற்றுநோய் பற்றி வகுப்பெடுக்கும்போது அவர்கள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். "சிரிக்காதீங்க புள்ளயள். குளிக்கக்குள்ள கையால தடவிப் பாருங்க. ஒரு கட்டி தட்டுப்பட்டா அடுத்த நாளே வாங்க. வெக்கப்பட்டா உசிருதான் போகும்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "இஞ்ச வா கா. இதில கைய வெச்சிப் பார்."

இடது மார்பில், அக்குளுக்குக் கிட்ட, கொட்டைப்பாக்களவில் இறுகிய ஒரு கட்டி.

"எப்ப கண்டீங்க ராத்தா?"

"நோம்புக்கு முந்தி."

"நாளைக்கே காட்டுவம்."

"மகள்ட சோதினை முடியட்டும். இப்ப அவளுக்குத் தெரிஞ்சா புத்தகத்தத் தொட மாட்டாள்."

"சோதினைக்கு இன்னம் மூணு மாசம் இரிக்கி ராத்தா!"

"மூணு மாசத்தில ஒண்டும் ஆகாது. நீ மகளுக்கும் சொல்லப்படாது, மச்சானுக்கும் சொல்லப்படாது. அல்லாட மேல சத்தியம் பண்ணு."

ராத்தாவின் கணவரான மச்சான் அப்போது கட்டாரில் வேலையில் இருந்தார். மகள் உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை சொற்பத்தில் தவறிய வைத்தியபீடம் இந்தத் தடவை கிடைக்கும் என்று ஆசிரியர்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ராத்தா என் கையை விடவில்லை. நான் சத்தியம் செய்தேன்.

ஒரு தடவையாவது யாரிடமாவது காட்ட வேண்டும் என்று இரண்டு கிழமை மன்றாடினேன். தன் திணைக்களத்து ஆட்கள் யாரும் காணாத இடமாக இருந்தால் வருகிறேன் என்றார். பக்கத்து ஊரில் யூனானி வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் டொக்டரிடம் போனோம். அவர் பட்டம் பெற்றவர், நிதானமானவர். நன்றாகச் சோதித்துப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து ராத்தாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மிஸ், இதுக்கு நான் மருந்து தந்தா அது உங்களுக்குச் செய்யிற அநியாயம். இண்டைக்கே ஆஸ்பத்திரியில சேர்ஜன்ட கிளினிக்குப் போங்க. நான் கடிதம் தாறன்."

கடிதத்தை ராத்தா நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். ஸ்கூட்டியை எடுக்கும்போது, "அவவும் சும்மா பயப்படுறா" என்றார். அந்தக் கடிதம் பையை விட்டு வெளியே வரவில்லை.

அதன் பிறகுதான் வயல் பக்கத்து ஊர் ஒன்றில் கட்டி கரைக்கும் ஆளைப் பற்றி யாரோ ஒரு தாய் ராத்தாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் எங்கும் படித்தவரோ பதிவு செய்தவரோ அல்லர். நாங்கள் இருவருமே போனோம். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலைந்து கேள்வி கேட்டார். தொட்டும் பார்க்கவில்லை. "கத்தி பட்டாத்தான் இது உடம்பெல்லாம் பரவும். நாப்பது நாள்ல நான் கரைச்சித் தாறன். பயப்படாதீங்க தங்கச்சி" என்றார். பூசுவதற்குக் கறுத்த ஒரு பசையும், அவித்துக் குடிக்க ஒரு பொட்டணம் தூளும் தந்தார்.

திரும்பும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தச் சொன்னார். பல நாட்களுக்குப் பிறகு ஒரு பணிஸ் முழுவதையும் சாப்பிட்டார். சிரித்தார். மகள் டொக்டராகி வந்தால் எந்த அறையைக் கிளினிக்காக மாற்றலாம் என்று கதைத்தார். அன்று நானும் சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

பசை தோலை எரித்தது. மூன்றாம் கிழமையில் புண் வாய் திறந்தது. அந்த ஆளுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "கெட்டது வெளியாகுது, நல்லம்தானே" என்றார். தினமும் காலையில் மகள் பிரத்தியேக வகுப்புக்காக எழுந்து படிக்கத் தொடங்கியதும், நான் குளியலறையில் ராத்தாவின் துணியை மாற்றிக் கட்டுவேன். அதற்கு மேல் சீருடை உடுத்து, முக்காட்டைச் சரி செய்து, வாசனை பூசிக்கொண்டு, அவர் உங்கள் பிள்ளைகளை நிறுக்க வந்தார். உங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

மச்சானின் இலக்கத்தை எத்தனையோ தடவை அழுத்தி, மணி அடிக்க முந்தித் துண்டித்திருக்கிறேன். ஒரு நாள் யூனானி டொக்டரின் வாசல் வரை போய், உள்ளே நோயாளிகள் இருப்பதைக் கண்டு திரும்பி வந்தேன். நோயாளிகள் இருந்தது ஒரு சாட்டு. சத்தியத்தை மீறினால் அல்லாஹ்விடம் குற்றவாளியாவேன் என்று பயந்தேன். ராத்தாவின் முகம் என்னைப் பார்க்காமல் திரும்பிவிடும் என்று அதைவிடக் கூடுதலாகப் பயந்தேன். சத்தியத்தை முறித்துவிட்டு அதற்குப் பரிகாரம் செய்ய மார்க்கத்தில் வழி இருந்தது. அந்த அறிவு எனக்கு அப்போது வரவில்லை.

கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு மகள் வந்த அன்று, ராத்தா அவளுக்குத் தன் கையால் சோறு ஊட்டினார். அவள் கை கழுவி வந்ததும் சொன்னார்: "மகள், நாளைக்கு உம்மாக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீயும் வா."

சத்திரசிகிச்சை நிபுணரான சேர்ஜன் புண்ணைப் பார்த்தார். கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "நீங்க மிட்வைப்தானே மிஸ்?" என்று மட்டும் கேட்டார். ராத்தா தலை குனிந்துகொண்டார். ஏசியிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் பரவியிருந்தது.

மச்சான் கட்டாரிலிருந்து வந்து நேரே வாட்டுக்குத்தான் வந்தார். ராத்தாவின் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"ஓம் மச்சான்."

"எப்ப இருந்து?"

சொன்னேன். மகள் தண்ணீர்ப் போத்தலோடு அங்கேதான் நின்றாள். அன்றிலிருந்து அவள் தேவைக்கு மட்டுமே என்னுடன் கதைத்தாள். அவளில் நான் குறை காணவில்லை.

பிறகு ஒன்பது மாதங்கள். மட்டக்களப்புக்குப் போவதும், கீமோ ஏற்றுவதும், முடி கொட்டுவதும், வாந்தியும். செய்தி தெரிந்ததும் நீங்கள் எல்லோரும் ஓடி வந்தீர்கள். கருஞ்சீரக எண்ணெய் கொண்டு வந்தீர்கள், ஓதிய தண்ணீர் கொண்டு வந்தீர்கள், கெட்ட இரத்தம் எடுக்கும் ஹிஜாமா குத்தச் சொன்னீர்கள். எல்லாம் அன்பில் வந்தவை. ஓதிய தண்ணீரை ராத்தா பிஸ்மி சொல்லிக் குடித்தார். மற்றவற்றை, "வாட்டு டொக்டரிட்டக் கேட்டுட்டுப் பாவிக்கிறன்" என்று சொல்லி மேசையில் வைத்துக்கொண்டார். முன்பு கேட்காததை அப்போது கேட்டார்.

ஒரு நாள் பின்னேரம் அந்த யூனானி டொக்டர் தானாகவே வீட்டுக்கு வந்தார். கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ராத்தாவின் காலடியில் இருந்து, நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவரச் சொன்னார். பாதத்தை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, எந்த இடத்தை விட்டுவிடுவது என்று எனக்குக் காட்டித் தந்தார்.

"வாட்டு டொக்டரோட நான் கதைச்சிட்டன். இதால நோய் மாறாது மிஸ். மோர்பின் மருந்த ஒரு வேளையும் விடாதீங்க. அதோட சேத்து இதச் செய்ங்க. ஒரு மணித்தியாலம் நிம்மதியாக் கண் மூடினா அதுவே நமக்குப் பெரிய லாபம்."

மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடும்படி சொல்லிக் கொடுத்தபோது ராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டொக்டர், புள்ள பெறுற பொம்புளயளுக்கு நான் சொல்லிக் குடுக்கிற மூச்சி இது!"

அன்றிலிருந்து தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் அவரது காலைப் பிடித்தேன். வலி நிற்கவில்லை. ஆனாலும் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் தளரும். சில நாட்களில் அப்படியே உறங்கிவிடுவார். அப்படி ஒரு நாளில் அவரிடம் கேட்டேன்.

"ராத்தா, அந்த ஆள நீங்க நம்பினீங்களா?"

"நம்பல்ல கா. எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில என்ன சொல்லுவாங்க எண்டும் தெரியும். சுகமாகும் எண்டு ஒரு ஆள் வாயால கேக்கணும் போல இரிந்திச்சி. அவன் மட்டும்தான் அப்பிடிச் சொன்னான்." பிறகு என் கையைத் தேடிப் பிடித்தார். "அந்தச் சத்தியத்த உன்னட்ட வாங்கினது என்ட பிழை. நீ என்ன மன்னிச்சி எனக்குப் பொருந்திக்க."

"நீங்கதான் எனக்குப் பொருந்திக்கணும் ராத்தா."

"நான் எப்பவோ பொருந்திட்டன்."

ஒரு திங்கட்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு, மச்சான் காதருகே கலிமாச் சொல்லிக்கொடுக்க, மகள் கையைப் பிடித்திருக்க, எங்கள் ராத்தா மௌத்தானார். அவரைக் குளிப்பாட்டும் போது நானும் நின்றேன். குளிப்பாட்டிய பெண் அந்தக் காயத்துக்குக் கிட்ட வந்ததும் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்த இடத்தை நானே கழுவினேன். அதன் ஒவ்வொரு ஓரமும் என் கைக்குப் பழக்கம். மறுநாள் காலை ஜனாஸாவில் ஒரு காலத்தில் அவர் தராசில் நிறுத்த எத்தனையோ இளைஞர்கள் தோள் கொடுத்ததாக மச்சான் வந்து சொன்னார்.

மகளுக்கு வைத்தியபீடம் கிடைத்தது. பெறுபேறு வந்தபோது ராத்தா உயிரோடு இருந்தார். அதைக் கேட்டுவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அழைப்பில்லாமல் வந்து எங்களுக்கு வழி காட்டிய யூனானி டொக்டருக்கும், ராத்தாவை ஒரு நாளும் குற்றவாளி போல் நடத்தாத வாட்டு டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், முறை வைத்து வந்து இருந்த அவரது சக குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும், சோறு சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், அடக்கம் செய்த மையவாடி வரை நடந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ராத்தா உங்கள் வீட்டில் யாரையாவது கடுமையாக ஏசியிருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள். உங்களில் ஒரு பெண் இதை வாசித்துவிட்டு, எவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை நாளைக் காலை டொக்டரிடம் காட்டினால், அது ராத்தாவுக்குச் சேரும் நன்மையாகட்டும்.

இதை எழுதி முடித்து மகளுக்கு அனுப்பினேன். நேற்றுப் பகல் அவள் வீட்டுக்கு வந்தாள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"சாச்சி, அந்தக் காயத்துக்குத் துணி மாத்தக்குள்ள உம்மா அழுதாவா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பொய் போதும் என்று பட்டது.

"அழுதா மகள். உனக்குக் கேக்கப்படாது எண்டு குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதா."

அவள் தாளை மடித்தாள். விரித்தாள். திரும்பவும் மடித்தாள்.

"அந்தத் தண்ணிச் சத்தம் எனக்குக் கேட்டிச்சி சாச்சி" என்றாள். "படிக்க ஏலாம இரிக்கி, குழாயப் பூட்டுங்க எண்டு ஒரு நாள் உம்மாக்குச் சத்தம் போட்டன்."